இடது பின் சக்கரத்து எலுமிச்சம்பழம்

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இந்த நோட்டின் முன்பக்கம் சமூக அறிவியல். நோட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து எழுதுகிறேன். அம்மா எடுத்துப் பார்த்தாலும் முன்பக்கத்தைத்தான் பார்ப்பாள். போர்வைக்குள் பழைய செல்போன் வெளிச்சம். கதவுப் பக்கம் சத்தம் கேட்டால் அணைத்துவிடுவேன்.

இன்று இரண்டு வீட்டிலும் கார் பேச்சுதான். இரண்டு வீடு என்றாலும் காம்பவுண்டு ஒன்று. தெற்கே பெரியப்பா வீடு, வடக்கே நாங்கள். நடுவில் ஒரு ஷெட். பெரியப்பாவின் மகள் மிதுலா பத்தாவது, நான் ஒன்பதாவது. எனக்கு வரும் எதுவும் முதலில் அவளுக்கு வந்ததுதான். சைக்கிள் அப்படி, பாவாடை அப்படி, கணக்கு டியூஷன் கைடுகூட அவள் அடிக்கோடு போட்டது.

அன்னூரில் இருந்த தோட்டத்தை விற்று இரண்டு பேரும் பங்கு பிரித்துக்கொண்டார்கள். பெரியப்பா தன் பங்கில் கார் வாங்கப் போகிறார். அப்பா தன் பங்கை என் பெயரில் வங்கியில் போட்டுவிட்டு, காரை லீசுக்கு எடுக்கிறாராம். அவர் வேலை செய்யும் பம்பு கம்பெனி மூலமாக. மாதாமாதம் சம்பளத்தில் பிடிப்பார்கள். இன்சூரன்ஸ், சர்வீஸ் எல்லாம் அவர்கள் பொறுப்பு. மூன்று வருடம் கழித்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

பெரியப்பா சாப்பிட்ட கையோடு சிரித்தார். "ஏண்டா கதிர்வேலு, வாடக வீட்டுல ஒரு ஆணி அடிக்க முடியுமாடா? அதாட்டந்தான இது?"

"வீடு நாளாக நாளாக வெல ஏறும்ணா. வண்டி ஷோரூம் கேட்டத் தாண்டுனாலே எறங்கீரும். எறங்கற பொருள எதுக்குங்க சொந்தமாக்கிக் கட்டிக்கிட்டு அழுகோணும்?"

"அப்படிப் பாத்தா எனக்கும் அம்பதாச்சு, நானும் எறங்கற பொருள்தான். என்னயும் லீசுக்கு உட்டுருவியா?"

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா மட்டும், "வேல மாறுனா என்ன பண்றதுங்க?" என்று கேட்டாள். அப்பா தண்ணீர் குடித்து முடித்துவிட்டு, "நான் எங்க மாறப் போறேன்" என்றார்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

எங்கள் கார் வந்துவிட்டது. வெள்ளை. லீசு கம்பெனியிலிருந்து ஒருவர் ஓட்டிக்கொண்டு வந்து, அப்பாவிடம் கையெழுத்து வாங்கி, சாவியைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார். கொரியர் வந்ததுபோல இருந்தது.

அம்மா, "செவ்வாக்கெழமையா கொண்டுவரோணும்? சரி, கோயிலுக்காச்சும் கொண்டுபோய்ட்டு வரலாமுங்க" என்றாள்.

"ஆர்.சி. புக்குல அவங்க பேரு இருக்குது வளர்மதி. ஐயரு பேரு, நட்சத்திரம் கேப்பாரு. கம்பெனிக்கு என்ன நட்சத்திரம்னு சொல்றது?"

அப்பா வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் பூஜை நடக்கவில்லை.

பின் கண்ணாடியில் பெயர் ஒட்டலாமா என்று கேட்டேன். ஒப்பந்தத் தாளைப் புரட்டிக் காட்டினார். ஸ்டிக்கர் ஒட்டக் கூடாது, ஓட்டை போடக் கூடாது, வருடத்துக்குப் பதினைந்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டக் கூடாது. "உம்பேருதான் பேங்க் புஸ்தகத்துல இருக்குதே அம்மணி" என்றார்.

பேங்க் புத்தகத்தில் இருக்கிற பெயர் பின்னால் வரும் பைக்குக்காரனுக்குத் தெரியுமா?

ஆகஸ்ட் 24, ஞாயிறு

எழுதாமல் இருந்தால் யாரிடமாவது உளறிவிடுவேன்.

பெரியப்பாவின் கார் இன்று வந்தது. சிவப்பு. ஷோரூமில் ரிப்பன் கட்டி, பெரிய அட்டைச் சாவி கொடுத்து, கேக் வெட்டி, போட்டோ எடுத்தார்கள். மிதுலா புதுச் சுடிதாரில் போனட் மேல் கை வைத்துக்கொண்டு நின்றாள். பின் கண்ணாடியில் 'மிதுலா' என்று வளைத்து வளைத்து எழுதியிருந்தது. பக்கத்தில் ஒரு பட்டாம்பூச்சி வேறு.

பிள்ளையார் கோயில் வாசலில் பூஜை. ஐயர் பேர் கேட்டதும் பெரியம்மா, "மிதுலா, ரோகிணி நட்சத்திரமுங்க" என்றாள். கண்ணாடிக்கும் அவள் பெயர், சாமிக்கும் அவள் பெயர். பெரியம்மா நான்கு சக்கரத்தின் அடியிலும் குங்குமம் வைத்த எலுமிச்சம்பழம் வைத்தாள். வண்டி நகரும்போது நசுங்கினால் கண் திருஷ்டியெல்லாம் அதோடு போய்விடுமாம். "கண்ணு போடறவீங்க நெறையப் பேரு" என்று சொல்லும்போது அவள் எங்கள் பக்கம் பார்த்தாள். ஒருவேளை எங்களுக்குப் பின்னால் பார்த்திருக்கலாம்.

தீபாராதனைக்கு மணி அடித்தது. எல்லோரும் உள்ளே திரும்பிக் கைகூப்பினார்கள். நான் கொலுசுத் திருகை முடுக்குவதுபோலக் குனிந்தேன். இடது பின் சக்கரத்துக்கு அடியிலிருந்த பழத்தை எடுத்துத் தாவணி முடிச்சுக்குள் செருகிக்கொண்டேன்.

ஏன் எடுத்தேன் என்று தெரியவில்லை. தெரியும். அவளுக்கு நான்கும் இருக்கக் கூடாது என்று தோன்றியது.

வண்டி நகர்ந்தது. பெரியம்மா, "நாலும் நல்லா நசுங்கிருச்சு" என்று அம்மாவிடம் சொன்னாள்.

ஆகஸ்ட் 25, திங்கள்

அந்தப் பழத்தை நேற்றிரவே எங்கள் வண்டிச் சக்கரத்தின் அடியில் வைத்துவிட்டேன். காலையில் அப்பா வேலைக்குக் கிளம்பும்போது 'பொத்' என்று சின்னச் சத்தம். அவருக்குக் கேட்கவில்லை.

எங்கள் வண்டிக்கும் பூஜை ஆகிவிட்டது. ஒரு பழ அளவுக்கு.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. பெரியப்பா புதுக் காரைக் கோயிலுக்கு எடுத்துப் போகும்போது காம்பவுண்டு கேட் தூணில் உரசிவிட்டார். வலது முன்பக்கம் முழுக்க வெள்ளைக் கோடு. அவர் போன மாதம்தான் லைசென்ஸ் வாங்கினார். ஆனால் நேற்று வரை தூணில் இடிக்காமல்தான் போனார், வந்தார்.

மிதுலாவின் முகம் சுண்டிப்போயிருந்தது. எனக்குக் கொழுக்கட்டை நன்றாக இருந்தது. இரண்டு அதிகமாகச் சாப்பிட்டேன். பிறகுதான் எலுமிச்சம்பழம் ஞாபகம் வந்தது. மூன்றாவதை வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 1, திங்கள்

சிவப்புக் காரின் வலதுபக்கக் கண்ணாடி மார்க்கெட் சந்தில் பால்வண்டி மேல் இடித்து உடைந்துவிட்டது. எதிரே வந்தவன்மேல்தான் தப்பு என்கிறார் பெரியப்பா. பால்வண்டி நின்றுகொண்டிருந்ததாம்.

செப்டம்பர் 3, புதன்

பெரியம்மா காருக்கு உறை வாங்கிப் போட்டுவிட்டாள். இருக்கைகளின் மேல் துண்டு விரித்துத்தான் உட்கார வேண்டும். ஷெட் அவர்களுக்கு. எங்கள் வண்டி வெயிலில், புங்க மரத்துக்கு அந்தப் பக்கம் நிற்கிறது. "லீசு வண்டிதான, வெளுத்தா அவனுக்குத்தான நட்டம்" என்றாள் பெரியம்மா. அப்பா அதைக் கேட்டுக்கொண்டே வேலைக்குக் கிளம்பினார்.

அப்பா சாயந்திரம் வந்ததும் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார். இன்ஜின் ஓடவில்லை, பாட்டும் இல்லை. அம்மா ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே நின்றாள். காப்பியைச் சூடாக்கினாள், மறுபடி சூடாக்கினாள். பிறகு அவர் உள்ளே வந்து, "டிராபிக்" என்றார்.

செப்டம்பர் 6, சனி

இன்று மிதுலாவுக்கு அடிபட்டது.

பெரியப்பா காரை ஷெட்டிலிருந்து பின்னால் எடுத்தார். மிதுலா பின்னால் நின்று, "வாங்க, வாங்க, போதும்ப்பா" என்று கை காட்டினாள். அவர் போதும் என்றதைக் கேட்காமல் இன்னும் மிதித்துவிட்டார். அவள் துள்ளி விலகி, துவைக்கிற கல்லில் இடறி அதற்குப் பின்னால் விழுந்தாள். கார் வந்து கல்லில் மோதி நின்றது. வலது முழங்காலில் தோல் முழுக்க உரிந்துவிட்டது.

நான் டெட்டால் எடுத்துக்கொண்டு ஓடினேன். என் கையைப் பார்த்து, "நீ ஏண்டி நடுங்கற? எனக்குத்தான அடி" என்றாள்.

இரவு முழுக்க அந்தச் சக்கரம்தான் கண்முன் நிற்கிறது. கல் இல்லாமல் இருந்திருந்தால்? மூன்று பழம்தான் நசுங்கியது என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

செப்டம்பர் 8, திங்கள்

வரும் ஞாயிறு வால்பாறையில் பெரியம்மாவின் அண்ணன் வீட்டில் அவள் தங்கைக்கு வளைகாப்பு. பெரியப்பா புதுக் காரைத் தானே ஓட்டிக்கொண்டு போகப் போகிறார். மச்சான் வீட்டு முன்னால் போய் நிறுத்த வேண்டுமாம். ஆழியாறு தாண்டினால் நாற்பது கொண்டை ஊசி வளைவு. டியூஷனில் ஒரு பையன் சொன்னான், அங்கே வளைவில் கீழே பார்த்தால் அணை தட்டு மாதிரி தெரியும் என்று.

அப்பா, "டிரைவர் ஒருத்தரக் கூட்டிக்கலாமுங்ணா" என்றார்.

"சொந்த வண்டிக்கு எதுக்குடா வாடக டிரைவரு?"

மிதுலா தட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். சாப்பிடவே இல்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

அணை தட்டு மாதிரி. தட்டு மாதிரி. தட்டு.

செப்டம்பர் 12, வெள்ளி

முடிவு செய்துவிட்டேன். எடுத்ததைத் திருப்பி வைத்துவிட வேண்டியதுதான். நாளைக் காலை பெரியப்பா பெட்ரோல் போடக் காரை எடுப்பார். அதற்குள் இடது பின் சக்கரத்தின் அடியில் ஒரு பழம் இருந்தால் கணக்கு சரியாகிவிடும்.

ஃபிரிட்ஜிலிருந்து ஒன்று எடுத்தேன். வெறும் பழமாக வைத்தால் செல்லாதோ என்று பூஜை அலமாரியிலிருந்து குங்குமம் எடுத்து மூன்று பொட்டு வைத்தேன். செருப்பில்லாமல் போய், உறையைத் தூக்கி, சக்கரத்தை ஒட்டி வைத்துவிட்டு வந்தேன். நாய் குரைக்கக்கூட இல்லை. சாமியே, நான் ஒப்படைத்துவிட்டேன். மிதுலாவுக்கு ஒன்றும் ஆகக் கூடாது. வண்டிக்கு ஏதாவது ஆனால் பரவாயில்லை என்று எழுத வந்தேன். அதுவும் கூடாது.

இன்று நன்றாகத் தூங்குவேன்.

செப்டம்பர் 13, சனி

பெரியம்மாவின் அலறலில்தான் எழுந்தேன்.

உறையை எடுக்கக் குனிந்தவள் பழத்தைப் பார்த்துவிட்டாள். பூஜை இல்லாத நாளில், யாரும் வைக்காமல், குங்குமம் பூசிய எலுமிச்சம்பழம் ஒரு வண்டியின் அடியில் கிடந்தால் என்ன நினைப்பார்கள் என்று நான் யோசிக்கவே இல்லை. செய்வினை. பெரியம்மா அந்தச் சொல்லைச் சொல்லவில்லை, 'அது' என்றாள். விளக்குமாற்றுக் கட்டையால் பழத்தைத் தள்ளினாள். பெரியப்பா, "எலி கொண்டாந்து போட்டிருக்கும்" என்று சிரித்தார். அவரும் கையால் தொடவில்லை.

"எலி குங்குமம் வெக்குமா? மொதல்ல தூணு, அப்பறம் கண்ணாடி, இப்பப் புள்ளைக்கு ரத்தம். எல்லாம் ஒண்ணு பின்னால ஒண்ணு நடக்குது. மலைக்குப் போற நேரம் பாத்து இது." பிறகு அம்மா பக்கம் திரும்பினாள். "ஏம் வளரு, இந்தக் காம்பவுண்டுக்குள்ள நம்மளத் தவுத்து ஆரு வாரா?"

"அக்கா, என்னயா கேக்கறீங்க?"

"நான் ஆரையும் சொல்லல சாமி. தன்னுது வெயில்ல நிக்குது, அடுத்தவன்து நெழல்ல நிக்குதுன்னு வயிறு எரியறவீங்க எரியட்டும். ஆனா எம் புள்ள உசுரோட வேண்டாம்."

பதினைந்து வருடமாக இரண்டு பேரும் ஒரே கல்லில் மாவாட்டியவர்கள். அம்மா உள்ளே வந்தாள். ஃபிரிட்ஜைத் திறந்து கீழ்த்தட்டைப் பார்த்தாள். மூடினாள். பூஜை அலமாரிக்குப் போய்க் குங்குமச் சிமிழின் மூடியைச் சரியாக மூடினாள். பிறகு எனக்குத் தோசை ஊற்றினாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

இப்போது பக்கத்து அறையில் அப்பா பேசுவது கேட்கிறது. "நீ வெக்கலைன்னு அடிச்சுச் சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னா, பின்ன ஆரு வெச்சாங்கன்னு தேடுவாங்க."

அம்மா ஏன் அப்படிச் சொன்னாள் என்று யோசிக்க எனக்குப் பயமாக இருக்கிறது.

செப்டம்பர் 14, ஞாயிறு

எல்லாம் முடிந்தது. முதலிலிருந்து எழுதுகிறேன்.

விடியற்காலையில் வாசலில் சத்தம். பெரியப்பா காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். பெரியம்மா பட்டுப் புடவையோடு ஏற மாட்டேன் என்று நின்றாள். பூசாரியைக் கூட்டி வந்து கழித்த பிறகுதான் ஏறுவாளாம். பத்தரைக்கு வளைகாப்பு. மிதுலா வளையல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள். அம்மா எங்கள் வீட்டுக் கதவைத் திறக்கவே இல்லை. சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நேற்றிரவே கழுவிய பாத்திரங்கள்.

அதைப் பார்த்ததும்தான் என் கால் நகர்ந்தது. நேராக ஷெட்டுக்குப் போனேன்.

"பெரிம்மா, அம்மா இல்லீங்க. நான்தான் வெச்சேன்."

பெரியம்மாவுக்கு முதலில் புரியவில்லை. பூஜையன்று எடுத்தது, எங்கள் வண்டிக்கு வைத்தது, திருப்பி வைத்தது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். எனக்குப் பின்னால் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அம்மா.

"ஏஞ்சாமி எடுத்த?" என்றார் பெரியப்பா.

"அவளுக்கு எல்லாம் இருக்குதுன்னு."

பெரியம்மாவின் வாய் கோணியது. அடிக்கப் போகிறாள் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

"எந்தச் சக்கரம்?" என்றார் பெரியப்பா.

"எடது பின் சக்கரமுங்க."

அவர் காரைச் சுற்றி வந்தார். கோடு விழுந்த வலது முன்பக்கம். கயிறு கட்டிய வலது கண்ணாடி. கல்லில் இடித்து நசுங்கிய வலது பின் மூலை. இடது பின்பக்கத்துக்கு வந்து குனிந்து பார்த்தார். அங்கே மட்டும் ஷோரூம் பளபளப்பு அப்படியே இருந்தது.

"இந்த ஒரு எடந்தான் நல்லா இருக்குது" என்றார்.

மிதுலா படியிலிருந்தே சொன்னாள், மெதுவாக. "எலுமிச்சம்பழத்தால இல்லீங்கப்பா. உங்களுக்கு ரிவர்ஸ் வரமாட்டீங்குது. முன்னாலயும் வரமாட்டீங்குது. எனக்கு உங்களோட மலைல வரப் பயமா இருக்குதுங்கப்பா. ஒரு வாரமாத் தூங்கலைங்கப்பா."

பெரியப்பா துணியை உதறினார். மடித்தார். மறுபடி உதறினார். அந்த இடத்தில் நான் இல்லாமலிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அப்பா சாவியோடு வந்தார். "அண்ணா, என்ற வண்டில எல்லாருமே போயிறலாமுங்க."

"அதுல கிலோமீட்டர் கணக்கு இருக்குதல்லோ? போகவர எரநூறுக்கு மேல ஆகுமேடா."

"ஆகட்டுமுங்க."

"மச்சான் ஊட்டு முன்னால லீசு வண்டில போய் எறங்கறதாடா?"

"ஆர்.சி. புக்கையா கழுத்துல மாட்டிக்கிட்டுப் போறோம்? எறங்கறப்ப முன்சீட்டுல நீங்க உக்காந்திருங்க, போதுமுங்க."

பெரியப்பா முன்சீட்டில் ஏறினார். பின்னால் நாங்கள் நான்கு பேர். பெரியம்மா ஒரு ஜன்னல், அம்மா ஒரு ஜன்னல், நடுவில் நானும் மிதுலாவும். பெரியம்மா உட்காருவதற்கு முன் இருக்கையைத் தொட்டுப் பார்த்து, "துண்டு போடலியா?" என்றாள். அம்மா, "எங்குளுது லீசு வண்டிங்க்கா, அப்படியே உக்காருங்க" என்றாள். ஆழியாறு தாண்டி முதல் வளைவிலிருந்து ஒன்பதாவது வளைவு வரை அம்மா என் தொடையை விடாமல் கிள்ளிக்கொண்டு வந்தாள். பத்தாவது வளைவில் பெரியம்மாவுக்குத் தலைசுற்றியது. அம்மா கிள்ளுவதை விட்டுவிட்டுப் பையிலிருந்து எலுமிச்சம்பழம் எடுத்து நீட்டினாள். முகர்ந்து பார்க்க. பெரியம்மா பழத்தையே பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். "இதுல குங்குமம் இல்லியே?" என்றாள். அம்மா சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பெரியம்மா பழத்தை வாங்கிக்கொண்டாள். நேற்றுச் சொன்னதற்கு மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. ஆனால் வால்பாறை வரை அம்மாவின் தோளில் சாய்வதற்காக என்னையும் மிதுலாவையும் ஜன்னல் பக்கம் தள்ளிவிட்டு நடுவுக்கு வந்துவிட்டாள்.

மேலே மூடுபனி. பின் கண்ணாடி முழுக்க வெண்மையாக மூடிக்கொண்டது. மிதுலா இருக்கையில் திரும்பி உட்கார்ந்து, விரலால் 'தாரணி' என்று எழுதினாள். என் பெயர். வளைத்து வளைத்து, அவளுடைய ஸ்டிக்கரில் இருப்பதுபோலவே. பட்டாம்பூச்சி மட்டும் சரியாக வரவில்லை.

"அப்பா, ஒப்பந்தத்துல இதுக்குத் தடையா?" என்றேன்.

"கையால எழுதுனா அவனுக்கு எப்படித் தெரியும்?" என்றார். சிரித்தார். அந்த டிராபிக் நாளுக்குப் பிறகு அவர் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன்.

திரும்பி வரும்போது, ஓட்டிக்கொண்டிருந்த அப்பாவைத் தவிர மற்றப் பெரியவர்கள் தூங்கிவிட்டார்கள். நான் மிதுலாவின் காதில், "சாரிடி" என்றேன்.

அவள் அதைக் கேட்காததுபோல, "உம் பேர்ல பேங்க்ல இருக்குதாமே, தோட்டத்துக் காசு" என்றாள்.

"ம்."

"எம் பேரு காருக் கண்ணாடில இருக்குது." அவள் தன் முழங்கால் கட்டைத் தடவிக்கொண்டாள். "பன்னெண்டு முடிச்சுட்டு சென்னைல படிக்கறேன்னு அப்பாகிட்டச் சொன்னேன். 'அதான் உனக்குக் காரு வாங்கியாச்சல்லோ'ங்கறாரு. உனக்கென்னடி. மூணு வருசத்துல இந்த வண்டி போயிரும், நீயும் எங்கயாச்சும் போயிருவே. நான் எங்க காரத் தொடச்சுக்கிட்டே இருக்கோணும்."

மிதுலா என்னைப் பார்த்த பார்வை எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. அவள் சைக்கிளை, அவள் பாவாடையை, அவள் காரை நான் அப்படித்தான் பார்ப்பேன். என் வாழ்க்கையில் யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பாவமாக இருந்தது. உண்மையாகவே பாவமாக இருந்தது.

நன்றாகவும் இருந்தது. 'நன்றாகவும்' என்ற அந்த வரியை அடிக்கப் பேனாவை எடுத்தேன். அடிக்கவில்லை.